எல்ஏ-2ஏ: சாம்பலா, வெள்ளியா, புதுசா? முதலில் சர்வீஸ், அப்புறம் ஒப்பீடு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வளசரவாக்கத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்கள். மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் தியேட்டரிலிருந்து டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ ஒன்று (பாடும் சத்தம் ஏறும்போது தானாக அமுக்கிச் சமப்படுத்தும் வால்வு கம்ப்ரஸர்), சாம்பல் நிற முகம் உள்ளது, விலைக்கு வந்திருக்கிறது. போட்டால் ஹம் (உம்மென்ற மின் இரைச்சல்) வருகிறது, பீக் ரிடக்‌ஷன் என்ற, அமுக்கும் அளவைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பினாலும் மீட்டர் ஊசி 2 டிபி-க்கு (டெசிபல்) மேல் இறங்கவில்லை. விற்பவர் "க்ரேயில்தான் ஒரிஜினல் சத்தம், சில்வரில் (பிந்தி வந்த வெள்ளி முகத்தில்) அது வராது" என்கிறார். உங்கள் நண்பர் "அந்தக் காசுக்குப் புது யுனிவர்சல் ஆடியோவே வாங்கிடலாம்" என்கிறார், எல்ஏ-2ஏ-வை இப்போது செய்யும் கம்பெனி அது. இன்னொருவர் க்ளோன், அதாவது வேறு கம்பெனிகள் செய்யும் நகல், போதும் என்கிறார். எது சரி?

நான் முப்பது வருடமாக வால்வு சாமான்களைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன். முதலில் ரேடியோ, அப்புறம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர், இப்போது பெரும்பாலும் ஸ்டூடியோ சாமான். இந்தக் கேள்வியில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: க்ரே, சில்வர், புதுசு என்று ஆட்கள் பேசும் வித்தியாசத்தில் பெரும் பகுதி வெர்ஷனுடைய வித்தியாசம் இல்லை, அந்தந்தப் பெட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற வித்தியாசம். சர்வீஸ் செய்யாத இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நீங்கள் வயதைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

ஏன் அப்படி என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை வடிவமைத்தவர் ஜிம் லாரன்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர், 1960-களில். அதற்கு முன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டுவந்து, சத்தத்தைக் குறைக்கிற வேலையை வால்வுக்குக் கொடுக்காமல் வெளிச்சத்துக்குக் கொடுத்தார். சேஸிஸில் ஆக்டல் (எட்டுக் கால்) சாக்கெட்டில் ஒரு சின்ன டப்பா செருகியிருக்கும், அதுதான் டி4பி. அதற்குள் மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் ஒரு பேனல், அதைப் பார்த்தபடி வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறைகிற காட்மியம் சல்பைடு செல்கள் இரண்டு. ஒரு செல் ஆடியோவைக் குறைக்கும், இன்னொன்று மீட்டருக்கு. பாடகர் சத்தமாகப் பாடினால் 6ஏக்யூ5 வால்வு அந்த ஆடியோவையே பெருக்கிப் பேனலுக்குக் கொடுக்கிறது, பேனல் பிரகாசமாகிறது, செல்லின் ரெசிஸ்டன்ஸ் விழுகிறது, சத்தம் அடங்குகிறது. அவ்வளவுதான் மொத்த ரகசியமும். மிச்சமிருக்கும் மூன்று வால்வுகளில் ஒரு 12ஏஎக்ஸ்7 உள்ளே வரும் ஆடியோவைப் பெருக்க, ஒரு 12பிஹெச்7 வெளியே தள்ள, இன்னொரு 12ஏஎக்ஸ்7 6ஏக்யூ5-க்கு முன்னால் சைடு செயினில், அதாவது பேனலை ஓட்டும் பக்கப் பாதையில்.

இதில் அழகு எங்கே இருக்கிறது என்றால் அந்தச் செல் விடுபடும் விதத்தில். சத்தம் நின்றதும் பாதி தூரம் சுமார் 0.06 விநாடியில் திரும்பி வந்துவிடும். மிச்சப் பாதிக்கு அரை விநாடியிலிருந்து 5 விநாடி வரை ஆகும், எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக அமுக்கினோம் என்பதைப் பொறுத்து. செல்லுக்கு நினைவு இருக்கிறது என்று சொல்வார்கள், அது உண்மை. பாட்டுக்கு ஏற்ற மாதிரி தானாகவே மாறுகிறது. குமிழ் இரண்டு மட்டும் இருந்தும் குரலுக்கு இன்றுவரை இதைத் தேடி வாங்குவது இதற்காகத்தான்.

ஆனால் இதே டி4பி-தான் முதலில் தேய்கிற பாகமும். ஒளிரும் பேனலில் இருப்பது துத்தநாக சல்பைடு வகைப் பாஸ்பர். பயன்படுத்தப் பயன்படுத்த மங்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக மங்கும். சென்னையில் ஈரத்துக்குக் குறைச்சலா? பகலெல்லாம் ஏசியில் குளிர்ந்த அறை, இரவு ஏசியை அணைத்ததும் வெளிக்காற்று உள்ளே வந்து ஜில்லென்று இருக்கும் உலோகத்தில் பனிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேரும். கோடவுனில் நாலைந்து வருடம் சும்மா கிடந்த பெட்டியை விட, தினமும் ஓடி சூடாகிக்கொண்டிருந்த பெட்டி நல்ல நிலையில் இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெட்டியில் ஊசி 2 டிபி-யோடு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். ஆனால் ஊகத்தில் டி4பி வாங்கிவிடாதீர்கள், அது விலை உள்ள பாகம். பார்க்கும் முறை சுலபம். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள், பீக் ரிடக்‌ஷனை முக்கால் வரை திருப்புங்கள், டி4பி சாக்கெட்டில் பேனலுக்குப் போகும் இரண்டு கால்களுக்கு நடுவே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். குமிழைத் திருப்பத் திருப்ப வோல்டேஜ் நன்றாக ஏறுகிறது, ஆனால் கம்ப்ரஷன் இல்லை என்றால் டப்பாதான் போயிருக்கிறது. வோல்டேஜே ஏறவில்லை என்றால் டப்பா மேல் தப்பில்லை, 6ஏக்யூ5-ஐயோ அதற்கு முன்னால் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐயோ அல்லது நடுவில் இருக்கும் கண்டென்சரையோ பாருங்கள். மூன்றாவது சாத்தியமும் உண்டு, அதில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள்: கம்ப்ரஷன் ஒழுங்காக நடக்கிறது, மீட்டருக்கான செல் மட்டும் சோர்ந்துவிட்டது. ஊசி 2 காட்டும், நிஜத்தில் 6 குறைந்திருக்கும். அதனால் ஊசியை நம்பாமல் அவுட்புட்டை அளந்து பாருங்கள். பீக் ரிடக்‌ஷன் சைபரில் எவ்வளவு, திருப்பிய பிறகு எவ்வளவு, வித்தியாசம்தான் உண்மையான கெயின் ரிடக்‌ஷன். இந்த ஒரு அளவை எடுக்காமல் பழைய எல்ஏ-2ஏ-வை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது.

அளக்கும்போது கவனம். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் நிற்கும். ஒரு 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டன்ஸை இன்சுலேஷன் போட்ட ஒயரில் கட்டி வைத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் சைபர் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, ஹம்முக்கு வருவோம். காதை வைத்து முதலில் பிரிக்க வேண்டும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம் 50-இல் இருந்தால் ஹீட்டர், எர்த், கேபிள் பக்கம் சந்தேகம். 100-இல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சர். கர்நாடக சங்கீதம் பதிவு செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பிரத்தியேகத் தொல்லை உண்டு. 5 கட்டை என்பது ஜி, அதாவது 98, 196 ஹெர்ட்ஸ். ஹம் 100, 200. மிக அருகில் இருப்பதால் 5 கட்டையில் பாடும் அம்மாக்களின் தம்புராவுக்கு அடியில் ஹம் ஒளிந்துகொள்ளும், தனியாகத் தெரியாது. ஆனால் தம்புரா மெதுவாக அலை அலையாக ஆடுவது போலவும், என்னவோ ஸ்ருதி சேராதது போலவும் இருக்கும். ஒரு முறை ஒரு பாடகி மூன்று தடவை தம்புராவை மாற்றிச் சேர்த்தார், கடைசியில் குற்றம் தம்புராவில் இல்லை, ராக்கில் இருந்த பெட்டியில். 1 கட்டையில் பாடுகிறவருக்கு அதே ஹம் உடனே காதில் உறுத்தும். ஆகவே ஹம் இல்லை என்று சொல்வதற்கு முன் தம்புராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் பெட்டியில் எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் பழசாகவே இருந்தால், அளந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். அம்பது வருடத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரோலிட்டிக்கை நம்பி பவர் ட்ரான்ஸ்பார்மரைப் பணயம் வைக்க முடியாது, அந்த ட்ரான்ஸ்பார்மர் போனால் அதே அளவில் சுற்றி வாங்குவது பெரும்பாடு. 450 வோல்ட் கண்டென்சர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ஆனால் பெயர் உள்ள கம்பெனி, 105 டிகிரி என்று பார்த்து வாங்குங்கள், பழைய ஸ்டாக்கைத் துடைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். பழைய உலோகக் கேன் கண்டென்சரை அப்படியே மேலே தோற்றத்துக்கு விட்டு, அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதுசைக் கீழே கட்டலாம்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நேராகச் சொருகாதீர்கள். டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்பார்மர்) இருந்தால் மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நம் பழைய மெக்கானிக்குகள் செய்வது போல சீரிஸ் பல்பு போர்டு, கரண்ட் ஒரு பல்பு வழியாகப் பெட்டிக்குப் போகும்படி. 60 வாட் குண்டு பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பழைய அமெரிக்க யூனிட் 115 வோல்ட்டுக்குச் சுற்றியதா என்று முதலில் பாருங்கள், அப்படியானால் ஸ்டெப் டவுன் வேண்டும். ஆட்டோ ட்ரான்ஸ்பார்மர் வேண்டாம், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசோலேஷன் வகையே வாங்குங்கள், 100 விஏ போதும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அதனால் 115-க்குப் பதில் 110 வருகிற மாதிரி வைத்தால் நல்லது. ஹீட்டரில் 6.3 வோல்ட் வர வேண்டும், 10 சதவீதம் மேலே கீழே பரவாயில்லை. இரவில் நம் லைன் 245-ஐத் தொடும் இடங்கள் உண்டு, அந்த நேரத்திலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். இரண்டு பின் ப்ளக் இருந்தால் கண்டிப்பாக மூன்று பின்னாக மாற்றி சேஸிஸை எர்த்தோடு சேர்க்க வேண்டும். இன்னொன்று, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை ஓட்டவே கூடாது, கரகரவென்று ஒரு இரைச்சலும் ட்ரான்ஸ்பார்மருக்குச் சூடும்தான் மிச்சம்.

அடுத்து சாக்கெட்கள். வால்வை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பித்தளைக் கிளிப்பில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். சென்னைப் பெட்டி என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட சின்ன பிரஷ், பல் இடுக்கு சுத்தம் செய்யும் பிரஷ் இதற்கு ரொம்ப சௌகரியம், ஒவ்வொரு கிளிப்பாக. அப்புறம் ஊசியால் கிளிப்பைக் கொஞ்சம் இறுக்கி விடுங்கள். பாதிக் "கரகர" இதிலேயே போய்விடும். கார்பன் ரெசிஸ்டன்ஸ்களை எல்லாம் ஒரு காலைக் கழற்றி அளங்கள். ஈரத்தில் அவை மேல் பக்கமாகவே நகரும், 20 சதவீதத்துக்கு மேல் போனதை மாற்றுங்கள். ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்கு ஆடியோவை மட்டும் கடத்தும் கப்ளிங் கண்டென்சரில் டிசி கசிகிறதா என்று பார்க்க, அடுத்த வால்வின் க்ரிட்டில் டிசி அளந்தால் போதும். இருக்கக் கூடாத இடத்தில் பாசிட்டிவ் வோல்ட் இருந்தால் கசிகிறது.

வால்வைப் பற்றிக் கேட்டீர்கள். 12பிஹெச்7 கிடைக்கவில்லை, பழைய ரேடியோ கடையில் ஈசிசி82 இருக்கிறது, கால் எல்லாம் ஒன்றுதான், போடலாமா என்று. கால் ஒன்றுதான், வால்வு ஒன்றில்லை. 12பிஹெச்7 ஹீட்டரே 0.6 ஆம்பியர் எடுக்கும், ஈசிசி82 அதில் பாதி. ப்ளேட்டு தாங்கும் சக்தியும் குறைவு. செருகினால் பாடும், அதில்தான் ஆபத்து: சாதாரண லெவலில் வித்தியாசம் தெரியாது, மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு சாப்பு விழும்போது மட்டும் மேலே நசுங்கும், நீங்கள் அதைக் கம்ப்ரஷன் என்று நினைத்துக்கொள்வீர்கள். புது 12பிஹெச்7 இன்றும் தயாராகிறது, வரவழைத்துக்கொள்ளுங்கள். ஈசிசி83 என்பது 12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர்தான், அதைத் தாராளமாகப் போடலாம். பெங்களூர் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நம் நாட்டு ரேடியோக்களுக்கு வால்வு செய்துகொண்டிருந்த காலத்துச் சரக்கு இன்னும் பழைய மெக்கானிக்குகளின் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது, நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். 6ஏக்யூ5-க்கு ஈஎல்90 என்றும் பெயர், 6005 என்பது அதன் உறுதியான ரகம், எதுவானாலும் பொருந்தும்.

ஒரு வழி சொல்கிறேன், காசு மிச்சமாகும். இரண்டு 12ஏஎக்ஸ்7-ஐயும் பென்சில் முனையால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். அதிகமாக "டிங்" என்று ஒலிப்பதையோ உஸ்ஸென்று இரைச்சல் உள்ளதையோ தூக்கிப் போடாமல் சைடு செயின் இடத்தில் வையுங்கள். அங்கே அது பேனலைத்தான் ஓட்டுகிறது, அந்த இரைச்சல் ஆடியோவில் வராது. அமைதியான வால்வை முதல் இடத்தில் வையுங்கள்.

இப்போது வெர்ஷன் கதை. முதலில் எல்ஏ-2, அப்புறம் எல்ஏ-2ஏ. 1965-இல் டெலிட்ரானிக்ஸ் பாப்காக் எலக்ட்ரானிக்ஸ் கைக்குப் போனது, 1967-இல் பழைய யுனிவர்சல் ஆடியோவைத் தொடங்கிய பில் புட்னமின் கம்பெனி வாங்கியது, 1969 வாக்கில் தயாரிப்பு நின்றது. சாம்பல் முகம் 60-களின் நடுப்பகுதி, வெள்ளி முகம் கடைசிப் பகுதி. புட்னமின் மகன்கள் 1999-இல் யுனிவர்சல் ஆடியோவை மறுபடி தொடங்கி எல்ஏ-2ஏ-வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே கம்பெனி சாஃப்ட்வேரிலும் எல்ஏ-2, க்ரே, சில்வர் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. சில்வர் வேகம், க்ரே நடுத்தரம், எல்ஏ-2 மெதுவு. அந்த எல்ஏ-2 ஏன் மெதுவு என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: ஒளிரும் பேனலுக்கு வயதாகிவிட்டது. அதாவது அவர்கள் பதிவு செய்திருப்பது 60-களில் கடையிலிருந்து வந்த புது எல்ஏ-2-வின் குணத்தை இல்லை, பல பத்தாண்டு மங்கிய ஒரு டப்பாவின் குணத்தை. கேட்க நன்றாக இருக்கிறது என்றால் பயன்படுத்துங்கள், எனக்கும் வீணைக்கு அந்த மெதுவான ஓட்டம் பிடிக்கும். ஆனால் அதை வெர்ஷனின் இயற்கைக் குணம் என்று நம்பி இருமடங்கு விலை கொடுக்காதீர்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்று. சாலிகிராமம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் க்ரே ஒன்று, சில்வர் ஒன்று, இரண்டும் வைத்திருந்தார்கள். க்ரேயில் குரல் மெத்தென்று, 'ச', 'ஷ' எல்லாம் உறுத்தாமல் வருகிறது, சில்வர் கூர்மை, இதுதான் வெர்ஷன் வித்தியாசம் என்று அங்கே எல்லோருக்கும் திடமான நம்பிக்கை. நானும் கேட்டேன், அப்படித்தான் இருந்தது. மூடியைத் திறப்பதற்கு முன் முகப்பில் இருக்கும் ஆர்37 என்ற சின்ன திருகைப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவரால் திருப்புவது, குமிழ் இல்லாததால் யார் கண்ணிலும் படாது. எஃப்எம் ஒலிபரப்புக்காக வைத்தது அது. முழுக்க வலப்பக்கம் இருந்தால் எல்லாச் சுருதியும் சமம். இடப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் சுருதிகளுக்குக் கம்ப்ரஷன் அதிகமாகும். க்ரேயில் அது பாதி இடப்பக்கம் நின்றது. எத்தனை வருடமோ! வலப்பக்கம் திருப்பியதும் அந்த மெத்தென்ற தன்மை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசி, முதல் வால்வுக்கு அப்புறம் இருந்த கசியும் கண்டென்சர். அதையும் மாற்றி, சில்வரில் சோர்ந்திருந்த 6ஏக்யூ5-ஐயும் மாற்றி, இரண்டையும் ஒரே லெவலில் வைத்துக் கேட்டபோது முன்பு அடித்துச் சொன்னவர்களே எது எது என்று சொல்லத் திணறினார்கள். ஒரே ஒரு வித்தியாசம் மிஞ்சியது: விடுபடும் வேகம். அது டி4பி டப்பாக்களை மாற்றிச் செருகியதும் டப்பாவோடு போய்விட்டது!

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆக்டல் சாக்கெட்தானே, அணைத்துவிட்டு எடுத்து மாற்றிச் செருகினால் போதும். வித்தியாசம் டப்பாவோடு நகர்ந்தால் வெர்ஷன் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஒப்பிடும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டையும் அரை மணி நேரமாவது சூடேற விடுவேன். ஆர்37 இரண்டிலும் முழு வலப்பக்கம். லிமிட், கம்ப்ரஸ் ஸ்விட்ச் இரண்டிலும் ஒரே பக்கம், சில யூனிட்களில் இது பின்னால் இருக்கும், ராக்கில் மாட்டியபின் மறந்துபோகும். கம்ப்ரஷன் இல்லாமல் 1 கிலோஹெர்ட்ஸில் அவுட்புட் லெவலை 0.2 டிபி-க்குள் சமப்படுத்துவேன், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று எல்லார் காதும் சொல்லும், என் காதும் சேர்த்து. இன்டர்ஃபேஸுக்கு (ஆடியோவைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் பெட்டி) போகும் கேபிளில் 600 ஓம் லோடு போடுவேன். பழைய யூனிட்டின் யூடிசி ஏ-24 அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் அந்த லோடை எதிர்பார்த்துச் சுற்றியது. இன்றைய இன்டர்ஃபேஸ்கள் 10 கிலோஓம் மாதிரி லேசாகத்தான் இழுக்கும், அப்போது மேல் சுருதியில் ஒரு மேடு வரலாம். 620 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை கேபிளின் எக்ஸ்எல்ஆர் ப்ளக்கில் 2, 3 பின்னுக்கு நடுவே சால்டர் வைத்தால் வேலை முடிந்தது. "பழசில் சத்தம் ரொம்பக் காற்றோட்டமா இருக்கு" என்று சிலர் மெச்சுவது இந்த மேட்டையாகவும் இருக்கலாம்.

அப்புறம் கேட்பதற்கு என்ன போடுவது? என் தேர்வு தம்புராவோடு ஒரே மைக்கில் பதிவான ஒரு குரல், மேல் ஷட்ஜத்தில் நீட்டி நிறுத்துகிற ஒரு இடம். 5 டிபி அமுங்கும்படி வைத்துக்கொண்டு, குரல் நின்ற அந்தக் கணத்திலிருந்து தம்புரா எப்படி மேலே ஏறி வருகிறது என்று மட்டும் கேளுங்கள். நல்ல டி4பி-யில் சட்டென்று பாதி வரும், அப்புறம் மூச்சு விடுவது போல மெல்ல மிச்சம் வரும், ஏறுவதே தெரியாது. சோர்ந்த டப்பாவில் அந்த முதல் பாதி இருக்காது, பாடகர் அடுத்த அடியை எடுக்கும்போதும் தம்புரா இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். மலிவு க்ளோன் சிலதில் இதற்கு நேர் எதிர், இரண்டாம் பாதி இல்லாமல் தம்புரா பொசுக்கென்று குதித்து வந்து நிற்கும். எந்தக் கிராஃபும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை எனக்கு.

க்ளோன்களைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சர்க்யூட் பெரும்பாலும் அதேதான், ஒளிவுமறைவு இல்லாத சர்க்யூட். வித்தியாசம் ட்ரான்ஸ்பார்மரிலும் டி4பி-யிலும். சிலதில் 6ஏக்யூ5-க்குப் பதில் 9 கால் 6பி1 போட்டிருப்பார்கள், அது பேனலை ஓட்டுகிற இடம் என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். டி4பி கழற்றி மாட்டும்படி ஆக்டல் சாக்கெட்டில் இருக்கிறதா, போர்டிலேயே சால்டர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழற்ற முடிந்தால் பின்னால் ஒரு நல்ல டப்பா வாங்கிச் செருகிக்கொள்ளலாம், பெட்டியின் குணமே மாறும்.

உங்கள் விஷயத்துக்கு என் தீர்ப்பு: ஒரே பெட்டிதான் வாங்க முடியும், தினமும் வேலை நடக்க வேண்டும், பழுது பார்க்க நேரம் இல்லை என்றால் புது யுனிவர்சல் ஆடியோவோ நல்ல க்ளோனோ வாங்குங்கள், 230 வோல்ட்டில் நேராக ஓடும், தம்புரா சோதனையில் தேறினால் போதும். பழசில் ஆசை இருக்கிறது என்றால், இருக்கலாம், எனக்கும் உண்டு, இன்புட், அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர்கள் இரண்டும் அசலாக நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். டி4பி, வால்வு, கண்டென்சர் எல்லாம் மாற்றக் கூடியவை, ட்ரான்ஸ்பார்மரில் உள் சுற்று அறுந்திருந்தால் அது வேறு பெட்டி. இன்புட் ட்ரான்ஸ்பார்மரையும் அவுட்புட் ஏ-24-ஐயும் பவர் இல்லாதபோது ஓம் மீட்டரில் இரண்டு பக்கமும் தொடர்ச்சி பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள், லேப்டாப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனும் ஒரு மல்டிமீட்டரும் எடுத்துப்போய் அவுட்புட் வித்தியாசத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊசி 2 காட்டி அவுட்புட்டும் 2-தான் குறைகிறது என்றால் புது டி4பி, எலக்ட்ரோலிட்டிக், 12பிஹெச்7, 6ஏக்யூ5 இவ்வளவின் விலையையும் கூலியையும் கேட்ட விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். சாம்பல் நிறத்துக்கென்று தனியாக ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம்.

அளந்த எண்களை இங்கேயே போடுங்கள், ட்ரான்ஸ்பார்மர் ஓம் அளவுகளும் சேர்த்து. மூடியைத் திறந்து அடிப்பக்கம் ஒரு படம் எடுக்க விட்டால் அதையும் போடுங்கள், கண்டென்சர்களின் நிறத்தைப் பார்த்தே எது எப்போது மாற்றியது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.